ஏரிக்கரை ஹோட்டலும் ஒரகடம் விடுதிகளும்: நிழலும் காற்றும் யாருக்கு?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. அடுத்து ஒரகடம். கார் ஆலைகள், கொரிய, ஜப்பானிய அதிகாரிகள் தங்கும் ஹோட்டல்கள், தொழிலாளர் விடுதிகள் என ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்கக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வெயிலும் மழையும் அதிகமான ஊரில் எப்படிக் கட்டலாம் என்பதற்கு இலங்கையில் உள்ள ஒரு சொகுசு ஹோட்டல் 30 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழி காட்டியது.

அது என்ன ஹோட்டல்?

தம்புள்ளைக்கு அருகே, கண்டலம ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஹெரிட்டன்ஸ் கண்டலம. வடிவமைத்தவர் ஜெஃப்ரி பாவா (1919-2003). வழக்கறிஞராக இருந்து, 38 வயதில் கட்டடக் கலைஞர் ஆனவர். 1994-ல் திறக்கப்பட்ட இந்த ஹோட்டலில் 152 அறைகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் நீளம்.

இதற்கு முதலில் பேசப்பட்ட இடம் சிகிரியா பாறைக்குப் பக்கத்தில். அந்த இடம் வேண்டாம் என்று சொல்லி, தள்ளியிருந்த மலைச்சரிவைத் தேர்ந்தெடுத்தவர் பாவாதான்.

எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. ஏரி கெட்டுவிடும், புனிதத் தலத்துக்குப் பக்கத்தில் சுற்றுலா விடுதி எதற்கு என்று பிக்குகள், ஊர் மக்கள், சூழல் ஆர்வலர்கள் போராடினார்கள். அதனால் கழிவுநீர் எங்கே போகும், மழைநீர் எப்படி ஓடும் என்பதையெல்லாம் தொடக்கத்திலேயே யோசிக்க வேண்டியிருந்தது. கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கி நிறுத்தினார்கள். மழைத்தண்ணீர் அடியில் ஓடும், விலங்குகளும் போய்வரும். வெளிப்பக்க மரச்சட்டங்களில் கொடிகள் படர்ந்து சுவருக்கு நிழல் தருகின்றன. மொட்டை மாடியிலும் செடிகள்தான்.

சரி, ஏசி இல்லையா? அறைகளில் இருக்கு. ஆனால், நீண்ட நடைபாதைகள் திறந்தவை. அங்கே காற்றுதான் ஏசி.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. பாவாவின் நிறுவனத்தில் நீண்ட காலம் பங்குதாரராக இருந்தவர் தமிழரான பொறியாளர் பூலோகசுந்தரம். 1970-களில் சென்னை கன்னிமரா ஹோட்டலைப் புதுப்பித்ததும் மதுரை கிளப்பை வடிவமைத்ததும் பாவாதான். மதுரையில் பழைய வீடுகளின் கல்தூண்களையும் கதவுகளையும் மறுபடி பயன்படுத்தினார். திண்ணை, தாழ்வாரம், முற்றம் எல்லாம் நம் ஊர் வீடுகளில் சாதாரணமாக இருந்தவை. இன்று அதே விஷயங்கள் சொகுசு ஹோட்டல் விளம்பரத்தில் வருகின்றன.

ஒரகடத்துக்கு இது ஏன் முக்கியம்?

2021 டிசம்பரில், விடுதி உணவு சாப்பிட்டுப் பலருக்கு உடல்நலம் கெட்டதை அடுத்து, ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். தங்குமிடங்கள் சில தரமாக இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. ஓர் அறைக்கு 6 பேர் வீதம் மொத்தம் 18,720 பேர் தங்கலாம். தூரத்து விடுதிகளை நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய முன்னேற்றம்.

அதே 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. இரவு ஷிப்ட் முடித்து வருபவர் பகலில்தான் தூங்க முடியும். வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் அந்த அறை எவ்வளவு சுடும் என்பது வசதி பற்றிய கேள்வி மட்டும் இல்லை, உடல்நலக் கேள்வி.

எதை எடுத்துக்கொள்ளலாம்?

கண்டலமவை அப்படியே நகலெடுக்க முடியாது. 152 அறைகளுக்கு 1 கிலோமீட்டர் நீளம் என்ற கணக்கு தொழிலாளர் விடுதிக்கு ஒத்துவராது. ஆனால், ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேடு, இரண்டு பக்கமும் திறந்த நடைபாதை, மேற்குச் சுவருக்கு மரநிழல், வெள்ளை பூசிய மாடி இதற்கெல்லாம் ஹோட்டல் பட்ஜெட் தேவையில்லை. வரைபடம் போடும்போதே முடிவு செய்தால் போதும்.

தண்ணீருக்கும் இதே கதைதான். அடையாறு தொடங்குவதே இந்த வட்டாரத்து ஏரிகளின் உபரிநீரில்தான். நிலத்தை மேடாக்கி ஓட்டத்தை அடைத்தால் பக்கத்து ஊரில் தண்ணீர் நிற்கும்.

கண்டலமவில் இந்தக் கேள்விகளைக் கேட்டது ஊர் மக்கள். கட்டி முடித்த பிறகு அல்ல, கட்டும் முன்பே கேட்டார்கள். இங்கே அடுத்த விடுதிக்கு அனுமதி தருவதற்கு முன், அதில் தங்கப்போகிறவர்களையும் ஏரிக்கரை ஊர்க்காரர்களையும் ஒருமுறை கேட்கலாம்.