மாட்டுக்கு நஷ்ட ஈடு உண்டு; மாடு மேய்த்தவனுக்கு?

2003 பிப்ரவரி 1-ந் தேதி, கொலம்பியா என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பும்போது டெக்சாஸ் மாகாணத்தின் மேலே நொறுங்கியது. ஏழு பேர் மாண்டனர். உடைந்த துண்டுகள் நக்கோடோச்சஸ் முதலிய கிழக்கு ஜில்லாக்களில் வயலிலும் காட்டிலும் விழுந்தன. துயரமான சம்பவந்தான். ஆனால் இதற்கும் மாட்டுப் பண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது!

அப்போது மேய்ச்சல் கருகிய பண்ணைகளுக்கென்று ஒரு நிவாரணத் திட்டம் அமுலில் இருந்தது. 2002-ல் வறட்சி ஜில்லாக்களுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். மறு வருஷம், வேறு ஆபத்துக்காகப் பிரகடனம் செய்யப்பட்ட ஜில்லாவானாலும் போதும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் வாசலை அகலத் திறந்துவிட்டது. (காங்கிரஸ் என்றால் அங்கே பார்லிமெண்டு, நம்மூர்க் கட்சியல்ல!) வானத்திலிருந்து துண்டு விழுந்ததற்காகப் பிரகடனமான ஜில்லாவிலும் மாட்டுச் சொந்தக்காரர்களுக்கு வறட்சிப் பணம் வந்தது. புல் காய்ந்ததா, மாடு செத்ததா என்று கேட்பாரில்லை. எத்தனை உருப்படி என்று எண்ணினார்கள், செக்கு அனுப்பினார்கள். 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. இரண்டு வருஷத்தில் செலவு 120 கோடி டாலர். அதில் 63 கோடிக்கு மேல், வறட்சி மிதமாக இருந்த அல்லது அறவே இல்லாத இடங்களுக்குப் போயிற்று.

இருபது மாடு வைத்திருக்கும் ஏழை விவசாயிக்கு உதவக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பனிப்புயலில் மந்தை சாகும்போது அவன் குடும்பமும் சாகத்தான் செய்கிறது. 2014-ம் வருஷச் சட்டம், அப்படிச் செத்த மாட்டுக்குச் சந்தை விலையில் 75 சதவீதம் தர வகை செய்தது. நல்லது. ஆனால் தலைக் கணக்கில் பணம் தந்தால் இருபது மாட்டுக்காரனுக்கு இருபதின் பங்கு, இரண்டாயிரம் மாட்டுக்காரனுக்கு இரண்டாயிரத்தின் பங்கு. இதுவா நிவாரணம்? அந்த மாட்டை மேய்த்து, கன்று இழுத்து, பனியில் விறைத்தவனின் தலையை மட்டும் இந்தக் கணக்கில் எண்ணுவதே இல்லை. நஷ்டம் சொத்துக்கு, கூலி போனது நஷ்டமல்ல!

2023 மார்ச்சில் கலிபோர்னியாவின் மாண்டரே ஜில்லாவில் பஹாரோ நதிக் கரை உடைந்தது. கரை பலவீனமானது என்று அதிகாரிகளுக்குப் பல்லாண்டுகளாகத் தெரியும். மூழ்கிய பஹாரோ ஊர், ஸ்ட்ராபெரி வயல்களில் குனிந்து பழம் பறிக்கும் மெக்சிகோ வம்சத்துக் கூலிகளின் ஊர். வயலும் போச்சு, வேலையும் போச்சு, வீட்டுக்குள் சேறு. மத்திய சர்க்காரின் ரொக்க உதவியோ, ஆபத்துக்கால வேலையில்லா நிவாரணமோ கேட்கப் போனால் குடியுரிமையோ சட்டபூர்வ அனுமதியோ காட்டும் பத்திரம் எங்கே என்றார்கள். அமெரிக்காவில் பயிர் வேலை செய்பவரில் சுமார் 40 சதவீதம் பேரிடம் அந்தப் பத்திரம் கிடையாது. வீட்டில் அந்நாட்டில் பிறந்த குழந்தை இருந்தால் அதன் பெயரில் வீட்டு உதவி கேட்கலாமாம். உழைத்த தகப்பனுக்கு உரிமையில்லை, தொட்டில் குழந்தைக்கு உண்டு! பிறகு மாகாண சர்க்கார்தான் அந்த ஊருக்கென்று 2 கோடி டாலர் ஒதுக்கியது.

இது தற்செயலா? சங்கம் வைத்துப் பேரம் பேச உரிமை தந்த 1935-ம் வருஷச் சட்டத்திலிருந்தே வயல் கூலிகளை விலக்கி வைத்தார்கள். அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. கலிபோர்னியாக் கூலிகள் ஆண்டுக்கணக்கில் வேலைநிறுத்தமும் பகிஷ்காரமும் செய்த பிறகுதான் 1975-ல் அந்த மாகாணத்துக்கு மட்டும் தனிச் சட்டம் வந்தது.

இந்தப் பண்ணை நிவாரணங்களைக் கவனிக்க அங்கே ஜில்லா கமிட்டிகள் உண்டு. பண்ணை நடத்துபவர்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். குத்தகைதாரனுக்கும் வோட்டு உண்டு. கூலியாளுக்கு இல்லை. அந்த வோட்டைக் கொடு, ஆபத்துக் காலத்தில் போன கூலி நாட்களையும் செத்த மாட்டைப் போலவே எண்ணு, பத்திரம் கேட்காதே என்பதுதான் கூலிகள் வைக்க வேண்டிய கோரிக்கை.