விளையாடும் மாணவர்க்குப் பொறுப்பாளி யார்?

கால்பந்தாட்டம் என்றால் நமக்குச் சற்றுப் பைத்தியந்தான். அதை மறைக்க விரும்பவில்லை. பாளையங்கோட்டையில் கலாசாலைப் பந்தயம் என்று செய்தி எட்டினால், சங்கரன்கோவிலிலிருந்து பஸ் ஏறிச் சென்று, வெயிலில் நின்று தொண்டை கட்டும்வரை கூவிவிட்டுத் திரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஆகவே இங்கே பிரஸ்தாபிக்கப் போகும் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்த மாணவனைப் பார்த்து, "எழுந்து ஆடு!" என்று கூச்சலிட்டவர்களில் நாமும் இருந்தோம்.

அவன் ஏன் எழுந்து ஆடுகிறான்? நமதூர் விசைத்தறித் தொழிலாளியின் மகன் ஒருவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் கலாசாலையில் இடம் பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். காலின் பலத்தால் கிடைத்த இடம் கால் ஓய்ந்தால் என்னாகுமோ என்ற பயம் அவனை விடுவதில்லை. விடியற்காலையில் பயிற்சி, பிறகு வகுப்பு, நூற்றுக்கு 75 வீதம் ஹாஜர் இல்லாவிடில் பரீட்சைக்கே ஆபத்து. வலி என்று சொன்னால் அடுத்த பந்தயத்தில் பெயர் இராது. எனவே கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறான். ஜவ்வு கிழிகிறது. கோப்பை கலாசாலை அலமாரிக்குப் போகிறது. முழங்கால் வீட்டுக்கு வருகிறது.

2022-ம் வருஷம் நவம்பர் மாதம் சென்னையில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ராணி மேரி கல்லூரியில் முதல் வருஷம் படித்த 17 வயதுக் கால்பந்து வீராங்கனை, முழங்கால் ஜவ்வுக்காக அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றாள். இறுகக் கட்டிய கட்டினால் ரத்த ஓட்டம் நின்றது, காலை எடுத்தனர், 15-ந் தேதி உயிரும் பிரிந்தது. சிகிச்சையில் தவறு நேர்ந்ததைச் சர்க்காரே ஒப்புக்கொண்டு, வைத்தியர் இருவரை ஸஸ்பெண்டு செய்து, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அளித்தது. வைத்தியர் தவறு ஒருபுறம் இருக்கட்டும். ஏழை வீட்டு மாணவருக்கு ஜவ்வு கிழிந்தால் எங்கே செல்வது, யாரை நம்புவது என்பதெல்லாம் பெற்றோர் தலையில் விழும் நிலை மாறியதா என்பதே நமது கேள்வி.

"அடிபடாமல் ஆட்டமா?" என்பர் சிலர். 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி மோகன் பகான் குழுவினர் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று வென்றதை எடுத்துக்காட்டுவர். அன்று அடிமைத் தேசத்தில் பூட்ஸ் இல்லை. சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் வெறுங்காலின் பெருமையையே பேசுவது சோம்பேறித்தனம்.

அமெரிக்காவில் மாணவ ஆட்டக்காரருக்குக் கலாசாலைகளே நேராகப் பணம் கொடுக்கலாம் என்று 2025-ல் ஏற்பாடாகிவிட்டது. (அவர்கள் 'புட்பால்' என்பது பெரும்பாலும் கையால் ஆடும் ஆட்டம், அது வேறு விஷயம்.) நாம் சம்பளம் கேட்கவில்லை. பந்தயத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு மாணவருக்கும் இன்ஷூரன்ஸ் செய்யவேண்டும். அடிபட்டவர் மீண்டும் ஆடலாமா என்பதைப் பயிற்சியாளரல்ல, வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். ஆட முடியாது போனாலும் படிப்பு முடியும்வரை அவரது இடமும் விடுதிச் சோறும் பறிபோகக் கூடாது. தென்காசி ஜில்லாக் கலாசாலைகள் அடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலை, அடுத்த பந்தயத்துக்கு ஆட்டக்காரர் பட்டியல் கேட்கும்போதே இவற்றுக்கான உறுதியையும் ஒவ்வொரு கலாசாலையிடமும் எழுத்து மூலம் வாங்கவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.