தொப்பி போட்டால் வில்லனா?



நான் சினிமாப் பைத்தியம் அல்ல. காட்டுப்பள்ளியிலிருந்து வேலையாகச் சென்னைக்குப் போனால், எப்போதாவது தியேட்டருக்குள் நுழைபவன்தான். ஆனாலும் ஒன்றைக் கவனித்து வருகிறேன்.

2012-ல் 'துப்பாக்கி', 2022-ல் 'பீஸ்ட்', 2024-ல் 'அமரன்'. கதை வேறு வேறு. தீவிரவாதியாக வருபவனின் பெயர் மட்டும் நம் பெயர்! 2013-ல் 'விஸ்வரூபம்' வந்தபோது குரல் கொடுத்தோம். சில காட்சிகள் வெட்டப்பட்டன. நல்லதுதான்.

ஆனால் 2021-ல் 'மாநாடு' வந்ததே! நாயகன் அப்துல் காலிக், ஒரு கொலையையும் அதன் பின் வரவிருந்த கலவரத்தையும் தடுக்கப் பாடுபடுபவன். பாராட்டி ஒரு தபால் கார்டாவது போட்டோமா?

இங்கே ஏரிக்கரையில் மீனவரும் நம் வியாபாரியும் காலையில் இறால் விலைக்கு மல்லுக்கு நிற்பார்கள். மாலையில் ஒரே பெஞ்சில் டீ குடிப்பார்கள். இதை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? நாம் எடுக்காமல் வேறு யார் எடுப்பார்?

கல்யாணப் பந்தலுக்கு லட்சங்களைக் கொட்டும் வியாபாரப் பெருமக்களே! சென்னை தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. கதை எழுதவும் கேமரா பிடிக்கவும் ஆசைப்படும் ஒரு பிள்ளையையாவது அங்கே படிக்க வையுங்கள்.

வெட்டச் சொல்லிக்கொண்டே எத்தனை காலம் இருப்பது? சிந்திப்பீர்!