கொத்தனார் விழுந்தால் செலவு யாருடையது? வீட்டு வேலைக்கு முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் இருக்கும் எங்கள் அப்பாயி வீட்டில் போன மாதம் மராமத்து வேலை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து, தளத்தின் பூச்சு பெயர்ந்து விழ ஆரம்பித்திருந்தது. மூன்றாம் நாள், சாரத்தில் நின்ற கொத்தனார் கால் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, மணல் குவியல் மேல் விழுந்ததால் மணிக்கட்டு எலும்பு முறிவோடு தப்பினார்.

ஆஸ்பத்திரிச் செலவை அப்பா கொடுத்துவிட்டார். ஆனால், ‘‘கட்டுப் பிரிக்க ரெண்டு மாசமாகுமாம். அதுவரைக்கும் வீட்டுல உலை எப்படிம்மா வைக்கிறது?’’ என்று கொத்தனாரின் மனைவி கேட்டபோது, அப்பாயியிடம் பதில் இல்லை.

‘வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கே’ என்று நான் பாலிசியைத் தேடி எடுத்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த அடியை மறக்காத அப்பா, ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசி எடுத்து வைத்திருந்தார். புயல், வெள்ளம், சுனாமியால் வீட்டுக்குச் சேதம் என்றால் அதில் பணம் கிடைக்கும். வேலைக்கு வந்தவர் விழுந்தால் கிடைக்காது. அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். நீங்கள் வேலை ஆரம்பிக்கும் முன்பே இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.

1. நல வாரிய அட்டை இருக்கிறதா?

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். விபத்து மரணம், ஊனம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் என உதவிகள் உண்டு. அட்டை இருந்தால் மட்டும் போதாது, புதுப்பித்திருக்க வேண்டும். எங்கள் கொத்தனாரிடம் அட்டை இருந்தது, புதுப்பிக்கவில்லை!

2. 20 ரூபாய் காப்பீடு எடுத்திருக்கிறாரா?

‘பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா’வுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர்கள் சேரலாம். விபத்தில் மரணம் என்றால் 2 லட்சம், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். எலும்பு முறிவுக்கு மட்டும் கிடைக்காது.

3. கான்ட்ராக்டரிடம் பாலிசி உண்டா?

‘தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி’ என்று கேளுங்கள். காயத்தால் தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கும் இழப்பீடு தருவது இதுதான். கொத்தனார் மனைவியின் கேள்விக்குப் பதில் இதில்தான் இருந்தது.

4. எலெக்ட்ரீஷியனிடம் உரிமம் உண்டா?

பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்கு விலக்கு உண்டு. புதிதாக வயரிங் செய்வதென்றால், மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள். தமிழ்நாட்டில் இதைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். உரிமத்தின் காலாவதி தேதியையும் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. யாருக்காவது அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, கூலி யார் கொடுப்பது என்பதை, கூலி பேசும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். விழுந்த பிறகு பேசினால் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

எங்கள் வீட்டில் மீதி வேலைக்கு அதே கொத்தனார்தான் வரப்போகிறார். அதற்குள் அவருடைய அட்டையைப் புதுப்பித்துத் தரச் சொல்லி, அப்பாயி என்னை இ-சேவை மையத்துக்கு விரட்டிக்கொண்டிருக்கிறார்!