காட்டு நெல் தந்த காவல்

நம் உடலில் நோய் புகுந்தால் குருதியிலுள்ள வெள்ளையணுக்கள் விரைந்து சென்று பகையைத் தாக்குகின்றன. பயிருக்கோ குருதியும் இல்லை. ஓடிச் சென்று போர்புரியும் அணுக்களும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று அது தன்னைக் காத்துக்கொள்வது எங்ஙனம்? அதன் உயிரணு ஒவ்வொன்றும் தனக்குத் தானே காவலாய் அமைந்துள்ளது. நெற்பயிரே இதற்குச் சான்று.

நெல்லை வாட்டும் கொடிய நோய்களுள் ஒன்று பாக்டீரியா இலைக்கருகல். கிருமி இலையோரத்து நுண்துளைகளின் வழியே புகுந்து பெருகும். இலை மஞ்சளித்துக் காயும். இதனை எதிர்க்கும் ஆற்றல், ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்றில் இருந்தது. அவ்வினத்தை அங்குள்ள உழவர் களையென்றே வெறுப்பர். அக்களையினிடத்தே இருந்தது அருமருந்து! அவ்வாற்றலைத் தரும் எக்ஸ்.ஏ.21 என்னும் மரபணுவை 1995ஆம் ஆண்டில் அறிஞர் பிரித்தறிந்தனர்.

இம்மரபணு ஆக்கும் புரதம் உயிரணுவின் மேற்புறத்தில் வாயில்காப்போன்போல் நிற்கின்றது. கிருமி வெளிவிடும் சிறு புரதத்துண்டு ஒன்றை அடையாளங்கண்டதும் உள்ளே செய்தி விடுக்கின்றது. தற்காப்பு மரபணுக்கள் விழித்தெழுகின்றன. இக்காவலனை அளவோடு அடக்கிவைக்கும் புரதங்களும் உண்டு. ஓயாது போர்க்கோலம் பூண்ட பயிர் வளர்ச்சி குன்றும் அன்றோ?

எனினும் ஒரு காவலனை மட்டும் நம்புதல் தகாது. கிருமி தன் அடையாளத்தை மாற்றிக்கொண்டால் அவன் ஏமாறுவான். ஆகவே ஐதராபாத்து நகரில் நெல் ஆராய்ச்சி இயக்குநரகத்தாரும் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தாரும் கூடி, எக்ஸ்.ஏ.21 உள்ளிட்ட மூன்று எதிர்ப்பு மரபணுக்களை இனக்கலப்பு முறையால் சம்பா மசூரி நெல்லில் சேர்த்தனர். அப்புதுவகை 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இத்தகைய செல்வத்தை உடைய காட்டினங்களை நாம் எவ்வாறு போற்றுகின்றோம்? சதுப்பு நிலங்களைத் தூர்த்து, அவை வாழும் இடத்தையே அழிக்கின்றோம். விதைகளைச் சேமிப்பகத்தில் வைத்தால் போதாதா என்பர் சிலர். சேமிப்பகம் வேண்டுவதே. ஆனால், அங்கே உறங்கும் விதை புதிய பகையை அறியாது. நிலத்தில் வாழும் செடியினமே, தலைமுறைதோறும் மாறிவரும் கிருமிக்கு ஏற்பத் தானும் மாறுகின்றது. ஆதலின் விதையைக் காப்பதோடு அது வளரும் நிலத்தையும் காத்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

மாணவர்களே! வயலில் களையெடுத்தல் உழவர் கடமை. ஓர் இனத்தையே உலகினின்று களைந்துவிடுதல் அறியாமை. நாளைய நோய்க்குரிய காவல் எந்தப் புல்லில் ஒளிந்திருக்கின்றதோ, யார் அறிவார்?