தின்னர் என்ன சார்?

ஓசூர் சிப்காட்டில் ஒரு பெயின்ட் பூத்தில் இரண்டு வருஷம் தின்னர் மோந்தவன் நான். சம்பளம் மாசத்துக்கு ஒரு தரம், தலைவலி தினம்.

அதனால் 'பெரோவ்ஸ்கைட்' சோலார் செல் பற்றிப் படித்ததும் முதல் சந்தேகம் இதுதான்: தின்னர் என்ன?

2009-ல் ஜப்பானில் மியாசகா குழு செய்த செல், வெயிலில் 3.8 சதவிகிதத்தைத்தான் கரன்ட்டாக்கியது. இன்று ஆய்வுக்கூடத்தில் 26-ஐத் தாண்டியாச்சு. சிலிக்கான் மாதிரி உலை, உருக்கல் எல்லாம் வேண்டாம். ஈய உப்பு வகையறாவைக் கரைத்து, கண்ணாடியில் தோசை மாவு போல் இழுத்துக் காயவிட வேண்டியதுதான்.

கரைக்கிற ஆசாமிதான் வில்லன். பெயர் டி.எம்.எஃப். தோல் வழியாகவே உள்ளே போய் ஈரலைப் பதம் பார்ப்பான். அவனோடு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி ஒரு 'கட்டிங்' போட்டால், முகம் செக்கச்செவேலென்று சிவந்து வீட்டில் காட்டிக்கொடுத்துவிடும்! ஐரோப்பாவில் 2023 டிசம்பரிலிருந்து, தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு 6 மில்லிகிராம்தான் உச்சவரம்பு.

மாற்று, டி.எம்.எஸ்.ஓ. பரம சாது. ஆனால் சோம்பேறி, டி.எம்.எஃப். 153 டிகிரியில் கொதித்தால் இவர் 189-ல். காய நேரமாகும். தவிர, தனியாக வரமாட்டார். கரைந்திருக்கும் ஈயத்தையும் தோல் வழியே கூட்டி வருவார். கையுறை கட்டாயம்.

நாளைக்கு நம்ம பக்கம் இந்த ஃபாக்டரி வந்தால், தம்பிகளே, சம்பளம், கேன்டீன் விசாரித்த கையோடு தின்னரையும் விசாரியுங்கள். பச்சை மின்சாரம் செய்கிற ஆள் மஞ்சளாகிவிடக் கூடாது, பாருங்கள்!