தாயின் பேரால் ஒரு பொய்

திருக்கோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் வீதியில், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது கன்னியா. அங்கே 7 வெந்நீர்க் கிணறுகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றொன்றில் இல்லை. இறந்தோர்க்கு 31-ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையை அங்கே செய்வது நம் பகுதிச் சைவ மக்களின் வழக்கம். என் அன்னையாருக்குரிய அக்கடனை நானும் அங்கேயே செய்தேன். அன்று உடன் வந்த முதியவர் ஒருவர் சொன்ன கதை இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

தன் தாயின் வழிபாட்டுக்கெனச் சிவலிங்கம் பெற்று வந்தான் இராவணன். அவன் வலிமை பெருகுமென்று எண்ணிய திருமால், முதிய அந்தணராய் எதிர்ப்பட்டு, ‘உன் தாய் இறந்துவிட்டாள்’ என்று பொய் புகன்றார். கலங்கி நின்றவனைக் கன்னியாவுக்கு அழைத்துவந்து கோலை ஊன்றினார். 7 இடங்களில் வெந்நீர் சுரந்தது. அந்நீரைக் கொண்டு அவன் அன்னைக்குக் கடன் கழித்தான். இக்கதைக்கு மற்றொரு வடிவமும் உண்டு. அதில் பொய்யே இல்லை. தாய் மெய்யாகவே இறக்கிறாள். இராவணனே நிலத்தைக் குத்தி நீர் வரச் செய்கிறான்.

இதே பொய்யைச் சிங்கள மக்களின் கதையிலும் காண்கிறோம். கண்டி அரசவையின் விகடகவி அந்தரே, முற்றத்துப் பாயில் உலர்த்தியிருந்த சீனியைக் கண்டு, ‘இது யாது?’ என்றான். ‘மணல்’ என்றான் அரசன். பின்னர், அந்தரே சொல்லிக்கொடுத்தபடி அவன் மகன், ‘அம்மா இறந்துவிட்டாள்!’ என்று கதறி ஓடிவந்தான். ‘இனி நம் வாயில் மண்தான்!’ என்று புலம்பியவாறே தந்தையும் மகனும் சீனியை அள்ளி அள்ளி உண்டனர்.

பொய் ஒன்றே, பயன் வேறு. அந்தரேயோடு சேர்ந்து நாம் நகைக்கிறோம். ஏனெனில், அங்கே எளியவன் அரசனை வெல்கிறான். சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலும், தெனாலிராமனும், மலாய் மக்களின் சருகுமானும், மேற்கு ஆப்பிரிக்கரின் அனான்சி என்னும் சிலந்தியும் இவ்வினத்தாரே. கன்னியாவிலோ எத்தன் கடவுள். ஏமாறியவன் தன் மடமையால் ஏமாறவில்லை, தாயன்பினால் ஏமாறினான். இங்கே எவரும் நகைப்பதில்லை.

எத்தனின் செயலிலிருந்தும் உலகுக்குப் பயன் விளைவதுண்டு. பால் ராடின் என்னும் அறிஞர் 1956-இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்த வட அமெரிக்க வின்னிபேகோ மக்களின் கதைகளிலும் இதனைக் காணலாம். கன்னியாவில் பொய் சொன்னவரின் வெற்றியை மக்கள் கொண்டாடவில்லை. பொய்யிலிருந்து பிறந்த நீரையும், மகனின் துயரையும் தமதாக்கிக்கொண்டனர். ஒரு தாயின் பொய்ச் சாவுக்குத் தோன்றியதாகச் சொல்லப்படும் நீரில், எண்ணற்ற மக்கள் தம் தாயரின் மெய்ச் சாவுக்குக் கண்ணீர் வடித்திருக்கின்றனர். அவர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். இக்கதைகளின் கடைசியில், ‘பொய் சொல்லாதே’ என்று ஒரு நீதியை ஒட்டி முடித்துவிடாதீர்கள். இரண்டையும் வகுப்பில் சொல்லி, ‘நீ யார் பக்கம் நிற்கிறாய்? ஏன்?’ என்று கேளுங்கள். மாணவர்காள்! உங்கள் பாட்டிமார் சொல்லும் வடிவத்தை அவர்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள். ஒரு வடிவத்தை மெய்யென நாட்டுவதற்காக மற்றொன்றை அழித்துவிடாதீர்கள். சொல்லிய வாய் மறைந்தபின் அக்கதையைக் கேட்க நமக்கு வேறு வழியில்லை.